அந்த விலைக்கு ஒரு வண்டி

நாத்தனார் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு காரைப் பின்னால் எடுத்து, சுவரை ஒட்டி, கோடு போட்ட மாதிரி நிறுத்தினாள்.

"அண்ணி, இறங்கி வந்து பாருங்க! ஒரு விரக்கடை கூட விலகல. சத்தியமா நான்தான் நிறுத்தினேனா?"

டீச்சர் இறங்கினாள். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். அதனால் தெருவில் சின்னதிலிருந்து பெரியது வரை எல்லோருக்கும் அவள் டீச்சர். அவள் நடத்தும் பயிற்சிப் பள்ளியில் நாத்தனாருக்குப் புயல் என்று பெயர். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் சைக்கிள்கள் அவளை முந்திக்கொண்டு போகும் என்பதால் கூடப் படிப்பவர்கள் வைத்தது. வாய் மட்டும் உண்மையிலேயே புயல். பஸ் நிலையத்தில் எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்படும் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிற வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரலை இறக்கி வைக்க மாட்டாள்.

இரண்டு பேரும் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று அழகு பார்த்தார்கள். மஞ்சள் நிறச் சின்னக் கார். கூரை மேல் 'பழகுநர்' பலகை. புயல் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கப் போனாள். அப்போதுதான் மேட்டில் நின்றிருந்த கான்கிரீட் லாரி, ஆள் இல்லாமல், தானாக நகர ஆரம்பித்தது.

முதலில் மெதுவாகத்தான் வந்தது. டீச்சர் வாயைத் திறப்பதற்குள் வேகம் பிடித்துவிட்டது. டீக்கடையிலிருந்து லாரிக்காரர் கையில் கிளாஸோடு கத்திக்கொண்டே ஓடிவந்தார். லாரியின் பின்பக்கம் மஞ்சள் காரைச் சுவரோடு வைத்து அழுத்தியது. கண்ணாடி சிதறுகிற சத்தம், தகரம் மடிகிற சத்தம், அப்புறம் ஹாரன் மட்டும் நிற்காமல் அலறிக்கொண்டிருந்தது.

டீச்சர் புயலை இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

"அண்ணி," என்றாள் புயல், முகம் வெளுத்துப்போய். "என் பார்க்கிங்!"

*

உயிர் தப்பிய சந்தோஷம் நான்கைந்து நாள் வீட்டில் தளும்பியது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன் வந்ததும் வற்றிப்போனது.

சேதத்தைப் பார்த்து மதிப்புப் போடும் சர்வேயர் முன்பே வந்து போயிருந்தார். பழுது பார்க்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது, முழுச் சேதம், வண்டிக்கு உண்டான சந்தை மதிப்பைக் கொடுத்துவிடுவோம் என்றார். லாரிக்காரர்களிடம் வசூலிப்பதைக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். அதுவரை எல்லாம் சரி. மதிப்பு எவ்வளவு என்று போனில் சொன்னபோதுதான் டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"அறுபதாயிரமா? அடிமாட்டு விலையா இருக்கே சார்!"

போனை வைத்த பிறகும் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தாள். புருஷன் மூக்குக்கண்ணாடி ஃபிரேம்களைச் சரி செய்கிறவர். ஒரு சின்ன ஸ்க்ரூவை உதட்டில் கவ்வியபடி, "குடுக்கிறத வாங்கிக்கலாமே. கம்பெனிக்காரங்களோட மல்லுக்கு நிக்க முடியுமா?" என்றார்.

"அறுபதுக்கு இதே மாதிரி வண்டி எங்கங்க கிடைக்கும்? வண்டி இல்லன்னா எனக்குப் பள்ளி இல்ல. இப்பவே மூணு பேரு வேற இடத்துல சேரலாமான்னு கேக்கறாங்க."

"நீ எவ்வளவு கேக்கப் போற?"

"தொண்ணூறு."

ஸ்க்ரூ அவர் வாயிலிருந்து கீழே விழுந்தது. அதைத் தேடுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் போய்விட்டார்.

"நானும் வரேன் அண்ணி," என்று உள்ளே இருந்து குரல் கேட்டது. "ஒரு கை பாத்துடலாம்."

*

சர்வேயர் ஐம்பதைத் தொடுகிற, ஒடிசலான மனிதர். சட்டைப்பையில் ஒரு டார்ச் எட்டிப் பார்த்தது. அலுவலகத்தில் தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் அவர் மேஜை. அந்தப் பக்கம் கூட வேலை பார்ப்பவர்கள் நாலைந்து பேர்.

"உக்காருங்க மேடம். கோவமா வந்திருக்கீங்கன்னு தெரியுது."

"கோவம் இல்ல சார். நியாயம் கேக்க வந்திருக்கேன். பாலிசியில என்ன போட்டிருக்கு? விபத்துக்கு முந்தின நிமிஷம் அந்த வண்டி சந்தையில என்ன விலை போகுமோ அது. அந்த வண்டிக்கு நாலு டயரும் புதுசு. கிளட்ச் மாத்தி ரெண்டு மாசம் ஆகல."

"ஏன் மாத்தினீங்க?"

"தேஞ்சு போச்சு."

"ஏன் தேஞ்சுது? பழகறவங்க மிதிச்சு மிதிச்சு! அதைத்தான் நானும் சொல்றேன். ஆறு வருஷம், தினம் எட்டு மணி நேரம், ஓட்டத் தெரியாதவங்க ஓட்டின வண்டி. சந்தைக்குப் போனா அதுக்கு என்ன மரியாதை?"

புயல் இதைத் தன்னைச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தொண்ணூறு குடுங்க, பேச்சை முடிச்சுக்கலாம்," என்றாள் டீச்சர்.

சர்வேயர் சிரித்தே விட்டார். "மேடம், தொண்ணூறுக்கு உங்க வண்டியோட அண்ணனையே வாங்கலாம்."

"அறுபதுக்கு அதோட கதவு ரெண்டும் ஒரு பம்பரும்தான் வாங்கலாம்."

"யார் சொன்னது? அறுபதுக்கு ஜம்முனு வண்டி கிடைக்கும். இருபது வருஷமா இதே வேலையா இருக்கேன். எந்தக் கடையில என்ன விலைன்னு எனக்கு அத்துப்படி."

"அப்ப வாங்கிக் குடுங்களேன் சார்!" என்றாள் புயல்.

பஸ் நிலையக் குரல். தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் கீபோர்டு சத்தங்கள் சட்டென்று நின்றன.

"என்னம்மா?"

"அறுபதுக்கு இதே மாதிரி வண்டி ஒண்ணு நீங்களே பாத்து வாங்கிக் குடுங்க. அண்ணி இப்பவே கையெழுத்துப் போடுவாங்க. கிடைக்கலன்னா, கிடைக்கிற விலை எதுவோ அதைக் குடுங்க. சரிதானே அண்ணி?"

டீச்சருக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால் இதைவிட நேரான பேச்சு வேறு என்ன இருக்கிறது? "சரிதான்," என்றாள்.

பலகைக்குப் பின்னாலிருந்து யாரோ, "என்ன சார், மாட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். சர்வேயரின் காது சிவந்தது. டார்ச்சை எடுத்து ஒரு தடவை எரியவிட்டு அணைத்தார்.

"எப்படியும் மாசம் ஒரு நாள் நான் கடை கடையாப் போய் விலை விசாரிக்கறதுதான். நாளைக்குக் காலைல அதுக்குத்தான் கிளம்பறேன். நீங்களும் வாங்க. மதியத்துக்குள்ள உங்களைப் புது வண்டியில வீட்டுக்கு அனுப்பறேன். பாருங்க!"

*

பழைய கார்க் கடைகள் ஊர்க்கோடியில், பெரிய சாலையின் இரண்டு பக்கமும் வரிசையாக இருந்தன. வண்டிகளைக் காலையிலேயே கழுவிவிட்டதால் தரையெல்லாம் ஈரம். கண்ணாடிகளில் சுண்ணாம்பு எழுத்தில் விலை.

முதல் கடையிலேயே சர்வேயர் நின்றார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். அதே கம்பெனி, அதே வருஷம், வெள்ளை நிறம். கண்ணாடியில் ஐம்பத்தெட்டாயிரம்.

"அறுபது கூட இல்ல மேடம். ரெண்டாயிரம் மிச்சம். அதுல பெட்ரோல் போட்டுக்குங்க."

டீச்சர் வண்டியைச் சுற்றி வந்தாள். கதவைத் திறந்து மூடினாள். எஞ்சினைக் கிளப்பிக் காது கொடுத்துக் கேட்டாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. உள்ளே வாசனைத் தெளிப்பான் மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. புயல் அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

சர்வேயர் வெற்றிக் களிப்போடு முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தார். பழக்கதோஷத்தில் அதை முழு நீளத்துக்கும் உருவினார். அப்படியே கை நின்றது. டார்ச்சை எடுத்தார். சுருளுக்குள் கிடந்த கடைசி ஒரு முழத்தில், காய்ந்த சேற்றின் பழுப்புக் கோடு.

அவர் அதை விட்டிருந்தால் பெல்ட் சர்ரென்று உள்ளே ஓடியிருக்கும். அந்த இரண்டு பெண்களுக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

"இறங்குங்க மேடம்," என்றார், குரல் இறங்கி. "இது வெள்ளத்துல முங்கின வண்டி. சீட்டு வரைக்கும் தண்ணி நின்னிருக்கு. இலவசமாக் குடுத்தாலும் வேணாம்."

கடைக்காரர், "சார், அது மழைல லேசா..." என்று ஆரம்பித்தார்.

"யார் காதுல பூ சுத்தற? லேசா நனைஞ்சா பெல்ட்டுக்குள்ள சேறு வருமா?"

வெளியே வந்ததும் டீச்சர் அவரை ஒரு கணம் பார்த்தாள். நேற்றிலிருந்து அவரைப் பற்றி மனசுக்குள் திட்டி வைத்திருந்ததில் பாதியை வாபஸ் வாங்கினாள்.

அடுத்துப் போன கடையில் நிலைமை தலைகீழானது. நீல நிறம், அதே கம்பெனி, அதே வருஷம். விலை தொண்ணூற்றிரண்டு!

"பாத்தீங்களா!" புயல் குதித்தாள். "நாங்க கேட்டது தொண்ணூறுதான். ரெண்டாயிரம் உங்களுக்கு லாபம் சார். பெட்ரோல் போட்டுக்குங்க."

டீச்சர் அதை ஓட்டிப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி போனது. திரும்பி வந்தபோது அவள் முகம் பூரித்துக் கிடந்தது. "இதுதான் சார் என் வண்டி. நிறம் மட்டும்தான் வேற."

"மீட்டரைப் பாருங்க மேடம்."

பார்த்தாள். அவள் வண்டி ஓடியதில் மூன்றில் ஒரு பங்கு கூட ஓடாத வண்டி.

"இதை வச்சிருந்தவரு மழை வந்தா வெளிய எடுக்க மாட்டாராம். உங்க வண்டியில பின் கதவுக்குக் கீழ ரெண்டு தடவை பெயிண்ட் அடிச்சிருக்கு. நான் பாத்தேன், அதைப் பத்தி நீங்க வாய் திறக்கல. சந்தைக்குப் போயிருந்தா சத்தியமா இந்த விலை கிடைச்சிருக்குமா? நீங்களே சொல்லுங்க."

டீச்சர் மீட்டரை இன்னொரு தடவை பார்த்தாள். தொண்ணூறு என்பது தான் ஆத்திரத்தில் அள்ளிவிட்ட விலை என்று அவளுக்கே இப்போது புரிந்தது. பேரத்தில் இதை ஒப்புக்கொண்டால் அவர் ஏறி உட்கார்ந்துகொள்வாரோ என்றும் இருந்தது. கடைசியில், "தொண்ணூறு கொஞ்சம் அதிகந்தான்," என்றாள்.

"அண்ணி!"

"சும்மா இரு புயலு. அவரு பெல்ட்டை உருவிக் காட்டினாரு இல்ல?"

சர்வேயர் சட்டென்று உற்சாகமானார். "வாங்க, நடுவுல ஒண்ணு இருக்கும். கண்டிப்பா இருக்கும்."

அதன்பின் மூன்று பேரும் ஒரே கட்சிக்காரர்கள் போல அலைந்தார்கள். புயல் முன்னால் ஓடிப்போய்க் கண்ணாடி விலைகளை உரக்கப் படித்தாள். சர்வேயர் குனிந்து அடிப்பக்கத்தில் டார்ச் அடித்தார். டீச்சர் கிளட்ச்சை மிதித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். ஒன்று துருப்பிடித்தது, ஒன்று புகை கக்கியது. வெயில் ஏறியது. மதியத்துக்குள் அனுப்புகிறேன் என்ற வாக்கை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

கடைக்கோடியில், தகரக் கொட்டகைக்குக் கீழே, அது நின்றது. சாம்பல் நிறம். அதே வருஷம். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்த நர்ஸ் ஒருவர் வைத்திருந்த வண்டி. ஓடிய தூரம் டீச்சருடைய வண்டியை விட ஒரு மாத ஓட்டம்தான் குறைவு. கிளட்ச் இறுக்கமாக இருந்தது, டயர் சுமார். டீச்சர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, இறங்காமலே, தலையை மட்டும் ஆட்டினாள். சர்வேயர் பெல்ட்டை உருவினார். சுத்தம். தரை விரிப்பைத் தூக்கினார். சுத்தம். அடியில் படுத்து எழுந்தார். முதுகெல்லாம் மண்.

"விலை?"

கடைக்கார அம்மாள் மடியில் கணக்குப்பொறியோடு விசிறிக்கொண்டிருந்தாள். "எண்பத்தாறு."

"அறுபது," என்றார் சர்வேயர்.

"வெயில் அதிகம், தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க."

இருபது வருஷ அனுபவத்தையும் அந்த மனிதர் அங்கே இறக்கினார். பம்பரில் இருந்த கீறலைச் சொன்னார். டயரைச் சொன்னார். வானொலி கரகரத்ததைச் சொன்னார். போகிற மாதிரி நாலு அடி போய்த் திரும்பி வந்தார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. அறுபத்தைந்து என்றார், எழுபது என்றார். அம்மாள் எண்பத்தைந்துக்கும், எண்பத்திரண்டுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். புயல் நடுவில் புகுந்து, "கூடப் பிறந்த பொண்ணா இருந்தா இந்த விலை சொல்வீங்களாம்மா?" என்று கொட்டகை அதிரக் கேட்டாள்.

"இவரு யாரு, உன் அண்ணனா? இப்படி உயிரைக் குடுத்துப் பேசறாரு!"

"இல்லம்மா. இன்ஷூரன்ஸ்காரர்."

அம்மாள் விசிறுவதை நிறுத்திவிட்டாள். "இன்ஷூரன்ஸ்காரரு ஜனங்களுக்காகப் பேரம் பேசறாரா? என் வயசுக்கு இப்பத்தான் பாக்கறேன். எழுபத்தெட்டு. இதுக்கு மேல ஒரு ரூபா குறைச்சாலும் எனக்கு நஷ்டம்."

சர்வேயர் இன்னொரு தடவை மோதிப் பார்த்தார். அம்மாள் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு இளம் ஜோடி கொட்டகைக்குள் நுழைந்து நேராக அந்தச் சாம்பல் நிறக் காரைச் சுற்ற ஆரம்பித்தது. பையன் கதவைத் திறந்து உட்கார்ந்தே விட்டான்.

டீச்சர் சர்வேயர் பக்கம் திரும்பினாள். "சார், என்ன சொல்றீங்க? எழுபத்தெட்டுக்குக் குறைஞ்சு இந்த ஊர்ல வண்டி இருக்கா?"

சர்வேயர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "இல்ல மேடம்," என்றார். "நான் தோத்துட்டேன்."

தோற்றவர் முகத்தில் ஏனோ சிரிப்புத் தாங்கவில்லை. உடனே மேலாளருக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார். மேலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எழுபத்திரண்டுல முடிங்க. அறுபதுன்னு போட்டது நீங்கதானே?" என்றார்.

"நான்தான் சார். மேஜையில உக்காந்து, பழைய விலையை வச்சுப் போட்டேன். இப்ப நானே காலைலேருந்து கடை கடையா அலைஞ்சு, மண்ணுல படுத்துப் பாத்துட்டேன். எழுபத்தெட்டுதான் நியாயம்."

"எழுபத்தஞ்சு."

டீச்சர் போனை நோக்கிக் குனிந்தாள். "சார் வணக்கம், வண்டிக்காரம்மா பேசறேன். எழுபத்தஞ்சுக்கு எங்க இருக்குன்னு சொல்லுங்க, இப்பவே உங்க ஆளையும் கூட்டிக்கிட்டு வரோம். தொண்ணூறு கேட்டவ நான். அது அதிகம்னு நானே ஒத்துக்கிட்டேன். நீங்களும் கொஞ்சம் ஏறி வாங்க. இன்னொண்ணு, என் பக்கத்து பிரேக்கும் கிளட்ச்சும் நான் தனியா மாட்டினது. உடைஞ்ச வண்டியிலேருந்து அதைக் கழட்டிக்க விடுங்க. புது டயர் நாலும் நீங்களே வச்சுக்குங்க."

மறுமுனையில் கணக்குப்பொறி தட்டுகிற சத்தம் கேட்டது. அந்தப் பையன் சாம்பல் நிறக் காரின் ஹாரனை அடித்துப் பார்த்தான். புயல் போய்க் கார் கதவில் சாய்ந்துகொண்டு, "இந்த வண்டி பேசி முடிஞ்சாச்சு, தயவுசெய்து அடுத்த வண்டியைப் பார்க்கவும்," என்று அறிவித்தாள். அந்த ஜோடி கீழ்ப்படிந்து நகர்ந்தது.

"யாரது அங்க, ரேடியோவா?" என்று கேட்ட மேலாளர், சிரித்துவிட்டார். "சரி. எழுபத்தெட்டு. பாலிசிப்படி உங்க பங்கு ரெண்டாயிரம் கழிப்போம். கடை விலைச்சீட்டு ஒண்ணு வேணும். பெடலைக் கழட்டிக்குங்க."

புயல் போட்ட சத்தத்தில் தகரக் கூரையிலிருந்து புறாக்கள் கிளம்பின. டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சர்வேயரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். விட மறந்து குலுக்கிக்கொண்டே இருந்தாள்.

"முன்பணம்?" என்றாள் கடைக்கார அம்மாள்.

அதை யாரும் யோசிக்கவில்லை. டீச்சர் புருஷனைக் கூப்பிட்டாள். அரை மணிக்குள் அவர் ஆட்டோவில் வந்து குதித்தார், நெற்றியில் பூதக்கண்ணாடியோடு. பாதி வேலையில் எழுந்து வந்திருக்கிறார். பணத்தைக் கொடுத்துவிட்டுக் காரை ஒரு சுற்று சுற்றினார். பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக் கீறலைப் பார்த்தார்.

"எவ்வளவுக்கு?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுபடி சொன்னார்கள்.

"எழுபத்தெட்டா! அறுபதுக்கே தலையாட்டியிருப்பேனே நான்," என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டு, சர்வேயரைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பணம் அடுத்த வாரம் வந்தது. டீச்சர் உடைந்த வண்டிகள் கிடக்கும் கிடங்குக்குப் போனபோது சர்வேயரும் வந்திருந்தார். மெக்கானிக் நசுங்கிய மஞ்சள் காருக்குள் பாதி உடம்பை நுழைத்து, முக்கி முனகி, இரண்டு பெடல்களையும் கழற்றி அவள் கையில் கொடுத்தார். ஒரு வளைவு இல்லை.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் டீச்சர். "அன்னிக்கு அந்த வெள்ளை வண்டியைப் பத்திச் சொல்லாம விட்டிருந்தா உங்களுக்கு வேலை முடிஞ்சிருக்குமே?"

"முடிஞ்சிருக்கும்," என்றார் அவர். கொஞ்சம் கூச்சப்பட்டார். "ஆனா நீங்க அதுல ஓட்டத் தெரியாத ஜனங்களை இல்ல உக்கார வைப்பீங்க."

அன்று சாயங்காலமே பெடல்களைப் பொருத்தியாகிவிட்டது. டீச்சர் வாசலில் நின்று, காத்திருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டாள். வேறு பள்ளிக்குப் போகலாமா என்று கேட்ட மூன்று பேரையும் முதலில் கூப்பிட்டாள். இரண்டு பேர் வருகிறோம் என்றார்கள். மூன்றாமவர் ஏற்கெனவே வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார். பரவாயில்லை, நல்லா ஓட்டுங்க, என்றாள்.

புயல் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணி, தெருமுனை வரைக்கும். ஒரே ஒரு சுத்து."

"ஏறு," என்றாள் டீச்சர். "ஆனா எங்க நிறுத்தறதுன்னு நான் சொல்றேன்."